குறை தாளிலா, ஆளிலா?

போன மாதம் அபராதம் கட்டினேன். பெரிய தொகை இல்லை. இரண்டு பேர் ஹோட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற காசுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. காரணம், முப்பத்தொன்பது வருஷம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன் நான். ஆயிரக்கணக்கான நோட்டீஸ்களை இந்த விரல்களால் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், எனக்கு வந்த ஒரு வரி நோட்டீஸின் கடைசித் தேதியைக் கோட்டை விட்டேன்.

நோட்டீஸ் வந்த அன்றே பிரித்துப் படித்தேன். முதல் பத்தியில் சட்டத்தின் பெயர், பிரிவு, உட்பிரிவு, விதி எண். இரண்டாவது பத்தியில் பார்வையில் கண்ட கடிதங்கள். மூன்றாவது பத்தியில், தவறினால் எந்தெந்தப் பிரிவின் கீழ் என்னென்ன நடவடிக்கை என்ற மிரட்டல். படித்து முடித்ததும், "சரி, பிறகு பார்க்கலாம்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். கட்டவேண்டிய தேதி தாளின் பின்பக்கம், அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. அபராதம் கட்டிவிட்டு வந்த பிறகு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களைக் குறை சொல்வதாக ஆகும். நான் இருந்த அலுவலகங்களிலும் நோட்டீஸ் இப்படித்தான் இருந்தது; அதை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பிரான்ஸில் படிக்கிற பேத்தியிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரித்தாள். "தாத்தா, தப்பு உங்க மேல இல்ல, அந்தத் தாள் மேல. இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு தெரியுமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தாள் எப்படித் தப்பு செய்யும்? படிக்காதவன் தப்புதானே? இதைத்தானே நான் சர்வீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் படித்ததையும், படிக்கும்போது நினைவுக்கு வந்த ஒரு பழைய கோப்பையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடங்கள் எப்படியிருந்தன என்பது தெரியும். வாரத்துக்கு ஒரு முறையாவது 'தீக்த்தே' இருக்கும். வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கு இத்தனை மதிப்பெண், இலக்கணப் பிழைக்கு இத்தனை மதிப்பெண் என்று இருபதிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். ஐந்து பெரிய பிழை வந்தால் சைபர். மீதி நூறு வார்த்தையைச் சரியாக எழுதியிருக்கிறோமே என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுதியதில் எது சரி என்று பார்க்கிற பழக்கமே எங்களுக்கு வரவில்லை. எது குறை என்று தேடுகிற கண்தான் வந்தது.

அந்தக் கண்ணோடு 1971-ல் அரசாங்க வேலைக்கு வந்தேன். ஆங்கிலத்தில் நோட் போடத் தடுமாறினேன். ஆனால் பிரெஞ்சு தெரியும் என்பதால் ஒரு மதிப்பு இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை, அதாவது 'எத்தா சிவில்' பதிவுகளை, வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். கவுன்ட்டரிலும் எனக்கு நல்ல பெயர். "அவர் கையில் ஒரு மனு போனால் அதிலுள்ள குறை தப்பாது" என்பார் எங்கள் சூப்பிரண்டு. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நடவு, களை எடுப்பு என்று வயல் வேலை செய்பவர். புருஷன் இறந்துவிட்டார். கைம்பெண் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்திருந்தார். ஃபாரத்தை யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பூர்த்தி செய்து கொடுத்திருந்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூன்று குறை. வயதுச் சான்று இல்லை. நகல்களில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து இல்லை. மூன்றாவது, கல்யாணப் பதிவில் புருஷன் பெயர் ஒரு மாதிரி, மரணச் சான்றில் வேறு மாதிரி.

இந்த மூன்றாவது குறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தப் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'மு' என்ற ஓரெழுத்துக்கு எம், ஓ, யூ என்று மூன்று எழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் எம், யூ போதும். 'சன்' என்று முடிக்கப் பிரெஞ்சில் ஒரு எஸ்ஸுக்கு இரண்டு எஸ், கடைசியில் ஓர் ஈ. கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியது. மரணம் ஆங்கிலப் பதிவேட்டில் ஏறியது. ஆள் ஒருவர்தான், பெயரும் ஒன்றுதான். புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களில் இந்தச் சிக்கல் உண்டு. அந்த அலுவலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும், இரண்டும் ஒரே பெயர் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் செய்தது இதுதான். முதல் நாள், "வயதுச் சான்று இல்லம்மா, வாங்கிட்டு வா" என்றேன். போனார். இரண்டு வாரம் கழித்து வந்தார். "நகல்ல பச்சை இங்க் கையெழுத்து இல்லையே, அட்டெஸ்டேஷன் வேணும்" என்றேன். போனார். ஒரு மாதம் கழித்து வந்தார். "பேரு ரெண்டு விதமா இருக்கு. நொத்தேர்கிட்ட போய் அஃபிடவிட் வாங்கிட்டு வா" என்றேன். "இது எல்லாத்தையும் மொதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதாங்க ஐயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப் போய்க் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "அடுத்த ஆளு வாங்க" என்றேன்.

நான்காவது முறை அவர் வரவில்லை. தொண்ணூறு நாள் பார்த்துவிட்டு, கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி நோட் போட்டேன்: மனுதாரர் வரவில்லை, அக்கறை காட்டவில்லை, கோப்பை முடிக்கலாம். சூப்பிரண்டு சுருக்கொப்பம் போட்டார். முடிந்தது.

பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கடுமையானவர் என்று சொன்னேன் இல்லையா? யோசித்துப் பார்த்தால் அவர் என்னைவிட எவ்வளவோ மேல். பிழை அத்தனையையும் ஒரே தடவையில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் காட்டிவிடுவார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. மூன்று குறையையும் முதல் நாளே பார்த்தவன், ஒவ்வொன்றாக, தவணை முறையில் சொன்னேன்.

2010-ல் ஓய்வு பெறும் முன், பழைய ரெக்கார்டுகளைக் கழித்துக்கட்டும் வேலையில் அந்தக் கோப்பு கைக்கு வந்தது. என் கையெழுத்தை நானே படித்தேன். "அக்கறை காட்டவில்லை." மூன்று முறை பஸ் ஏறி, மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவரைப் பற்றி எழுதிய வரி அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்கள்.

இந்த நினைவோடுதான் பேத்தி சொன்ன சங்கதியைப் படிக்க ஆரம்பித்தேன். நடத்தை அறிவியல் என்கிறார்கள். மனிதன் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று போதிப்பதை விட்டுவிட்டு, உண்மையில் எப்படி முடிவெடுக்கிறான் என்று பார்க்கிற துறை. ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2008-ல் 'நட்ஜ்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். முழங்கையால் லேசாக இடித்து ஞாபகப்படுத்துவது என்று அதற்குப் பொருள். தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 2010-லேயே பிரிட்டிஷ் அரசாங்கம் இதற்கென்று ஒரு சின்னக் குழுவைப் பிரதமர் அலுவலகத்தோடு சேர்த்து அமைத்தது. நம் நாட்டிலும் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் இதைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

பிரிட்டனில் செய்த ஒரு காரியம் பிரபலமானது. வரி பாக்கி வைத்தவர்களுக்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதத்தில் ஒன்றிரண்டு வாக்கியத்தை மட்டும் மாற்றினார்கள். பத்துக்கு ஒன்பது பேர் உரிய காலத்தில் வரி கட்டிவிடுகிறார்கள், கட்டாத மிகச் சிலரில் நீங்கள் ஒருவர் என்று சேர்த்தார்கள். மிரட்டல் எதுவும் கூடுதலாக இல்லை. பழைய கடிதம் வாங்கியவர்களைவிட, இதை வாங்கியவர்களில் அதிகம் பேர் சீக்கிரமாகக் கட்டினார்கள்.

படித்ததும் எனக்குக் கொஞ்சம் கசந்தது. அரசாங்கம் வசூல் செய்வதற்கு மட்டும்தானா இந்த விஞ்ஞானம்? ஜனங்களிடமிருந்து வாங்குவதற்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள், ஜனங்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதற்கு யோசிக்க மாட்டார்களா? ஆனால் மேலே படித்தபோது வேறு கதைகளும் வந்தன. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நியூயார்க் நகரத்துக் கதை. சில்லறைக் குற்றங்களுக்கு அங்கே போலீஸ்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பிடிவாரண்டு. நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்குப் போகாமலேயே இருந்தார்கள். பொறுப்பில்லாத ஜனங்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆராய்ச்சிக்காரர்கள் ஆளைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தார்கள். குற்றத்தின் விவரமெல்லாம் மேலே, கோர்ட்டுக்குப் போகவேண்டிய தேதி கீழே! தேதி, நேரம், இடம் மூன்றையும் தலைப்பிலேயே கொண்டுவந்து, வராவிட்டால் வாரண்டு என்பதையும் தெளிவாக எழுதினார்கள். வராதவர் எண்ணிக்கையில் 13 சதவீதம் குறைந்தது. செல்போனில் நினைவூட்டுச் செய்தி அனுப்பியபோது 21 சதவீதம் குறைந்தது. 2020-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் இது வெளிவந்தது. என் வரி நோட்டீஸை நினைத்துக்கொண்டேன். ஒரு வரியை இடம் மாற்றி அச்சடிக்க என்ன செலவு ஆகிவிடப் போகிறது?

இரண்டாவதும் அமெரிக்காவில் நடந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கான அரசு உதவி பெற ஒரு நீளமான ஃபாரம் உண்டு. ஒரு பிரிவினருக்கு, "உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்" என்று விவரம் மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் இடத்திலேயே அந்த ஃபாரத்தையும் சில நிமிடங்களில் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். விவரம் மட்டும் கேட்டுப் போனவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஃபாரம் பூர்த்தி செய்து வாங்கிய வீடுகளில், பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த அளவு நூற்றுக்கு 34-லிருந்து 42 ஆனது. நம் அலுவலகங்களில் சுவர் முழுக்க விளம்பரப் பலகை இருக்கும். "தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பலகை யாருடைய கையையும் பிடித்து எழுதிக் கொடுக்காது.

மூன்றாவது நம் வீட்டு வாசலுக்கே வந்த ஆராய்ச்சி. நமக்குப் பக்கத்து விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில், 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்தார்கள். செய்தவர்களில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் இருவரும் இந்திய வம்சாவளியினர். 2013-ல் வெளிவந்தது. கரும்பு வெட்டுவதற்கு முன் கையில் காசு இருக்காது, கடன் இருக்கும். வெட்டிப் பணம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே விவசாயிகளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். அதே ஆள், அதே மூளை. ஆனால் காசில்லாத மாதத்தில் தடுமாறினார், பணம் வந்த மாதத்தில் நன்றாகச் செய்தார். ஏழைக்கு அறிவு குறைவு என்பதில்லை. அவருடைய கவனத்தில் பெரும் பகுதியை அரிசியும் கடனும் தின்றுவிடுகின்றன. மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் அவர் நம் ஃபாரத்தோடு மல்லாட வேண்டியிருக்கிறது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா அக்கறை காட்டவில்லை என்றா எழுதினேன்? புருஷனைப் பறிகொடுத்து, கூலியையும் விட்டுவிட்டு, மூன்று முறை வந்தாரே, அதைவிட அக்கறையை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

நண்பர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு ஆட்சேபணை வருகிறது. காலையில் கடற்கரையில் என்னோடு நடக்கிறவர், அவரும் என்னைப்போல ரிடையர்டு, "ஓய், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு நம்ம பாட்டியே சொல்லியாச்சு. இதுக்கு எதுக்கு அமெரிக்கா விஞ்ஞானம்? வேலை செய்யாதவனையும் கை நீட்டுறவனையும் புடிச்சு உள்ள போட்டா எல்லாம் சரியாகும்" என்கிறார்.

அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. நான் கை நீட்டியவன் இல்லை. வேலைக்குத் தாமதமாகப் போனவனும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்குச் சேரவேண்டியது சேரவில்லை. கெட்ட எண்ணம் இல்லாமலேயே கெடுதல் நடந்தது. இன்னொன்றும் உண்டு. லஞ்சம் எங்கே முளைக்கிறது? ஃபாரம் புரியாத இடத்தில்தான். தேதி தெரியவில்லை, எந்தத் தாள் வேண்டும் என்று தெரியவில்லை, எத்தனை முறை வரவேண்டும் என்று தெரியவில்லை என்றால்தான் வாசலில் நிற்கிற தரகருக்குப் பிழைப்பு. ஃபாரத்தின் சிக்கல்தான் அவருடைய முதலீடு. இப்படிப்பட்ட சிக்கல்களுக்கு அந்தப் பேராசிரியர்கள் வைத்திருக்கும் பெயருக்குச் சேறு என்று அர்த்தம். பொருத்தமான பெயர். தரகரைத் துரத்தினால் நாளை வேறொருவர் வந்து நிற்பார். சேற்றை அள்ளினால் நிற்க இடம் இருக்காது.

இரண்டாவது ஆட்சேபணையை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இது சர்வரோக நிவாரணி இல்லை. அமெரிக்காவில் அரசாங்கங்களுக்காக நடத்திய 126 சோதனைகளை, அதாவது இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைத் தொட்ட சோதனைகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக நூற்றுக்கு 1.4 பேர்தான் கூடுதலாகப் பலன் அடைந்தார்கள். சின்ன எண்ணிக்கைதான். ஆகவே, ஆள் இல்லாத நாற்காலியில் ஆளைப் போடாமல், உதவித்தொகைக்கு நிதி ஒதுக்காமல், கடிதத்தில் நாலு வார்த்தையை மாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று எந்த அரசாங்கமும் சொன்னால் நம்பக்கூடாது. வெட்கப்படுத்துவதையும் இதில் சேர்க்கக்கூடாது. வரி பாக்கிக்காரர் வீட்டு வாசலில் தண்டோரா போட்ட செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம். நாலு பேர் பார்க்க அவமானப்படுத்துவதற்கு விஞ்ஞானம் வேண்டியதில்லை.

ஆனால் நூற்றுக்கு ஒருவர் என்றாலும், அந்த ஒருவர் யார் என்பது எனக்குத் தெரியும். பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் அவர்.

எங்களுக்கு தீக்த்தே வைத்துப் பிழையை எண்ணக் கற்றுக்கொடுத்த பிரான்ஸில், 2018 ஆகஸ்ட் 10-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. 'துருவா அ லெரர்' என்கிறார்கள். பிழை செய்யும் உரிமை! நல்லெண்ணத்தோடு முதல் முறையாகத் தவறு செய்தவரை அரசாங்க அலுவலகம் எடுத்த எடுப்பில் தண்டிக்கக்கூடாது, திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். அவர் வேண்டுமென்றே செய்தார் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தைச் சேர்ந்தது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். இன்னொரு கொள்கையும் வைத்திருக்கிறார்கள். 'ஒரு முறை சொன்னால் போதும்' என்பது. ஓர் அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற தகவலை இன்னோர் அலுவலகம் குடிமகனிடம் மறுபடியும் கேட்கக்கூடாது. அந்த நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற நம் ஊர் சொல்தாக்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் பிழைக்கு ஓர் உரிமை உண்டு என்று சட்டப் புத்தகத்தில் எழுதியதே பெரிய விஷயம். என் பிரெஞ்சு வாத்தியார் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நம் அரசாங்கமும் மனது வைத்தால் முடியும் என்பதற்கு நம் வயதுக்காரர்களே சாட்சி. நவம்பர் மாதம் உயிரோடிருக்கிறோம் என்று காட்டுவதற்காக வங்கி வாசலில் வரிசையில் நின்றோமே! 2014-லிருந்து 'ஜீவன் பிரமாண்' வந்தது. கைரேகை தேய்ந்துபோன கிழவர்களுக்காகப் பிறகு முகத்தைக் காட்டினாலே போதும் என்று வழி செய்தார்கள். பச்சை இங்க் கையெழுத்துக்காக அதிகாரி வீட்டு வாசலில் காத்திருந்த காலமும் போய், பல இடங்களில் நாமே ஒப்பமிட்டால் போதும் என்றாகிவிட்டது. அந்த அம்மாவை இரண்டாவது முறை திருப்பி அனுப்பினேனே, அதே பச்சை இங்க்! அது இல்லாமல் வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே நம் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு பழைய எழுத்தன் வைக்கும் கோரிக்கைகள் இவை. புது ஆள் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம்.

ஒன்று: எந்த நோட்டீஸானாலும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எங்கே என்ற மூன்றும் தலைப்பிலேயே, தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். சட்டப்பிரிவுகள் கீழே போகட்டும். அவை கோபித்துக்கொள்ளாது.

இரண்டு: மனுவில் குறை இருந்தால், எல்லாக் குறையையும் முதல் நாளே ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டில் இல்லாத புதுக் குறையைச் சொல்லி மறுபடி திருப்பி அனுப்பக்கூடாது.

மூன்று: மரணத்தைப் பதிவு செய்கிற மேசையிலேயே, கைம்பெண் உதவித்தொகை ஃபாரத்தையும் கொடுத்துப் பூர்த்தி செய்ய உதவ வேண்டும். புருஷன் இறந்தது அரசாங்கத்துக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதை அவர் இன்னோர் அலுவலகத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டுமா?

நான்கு: புது ஃபாரம் அச்சுக்குப் போகும் முன், தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுப் பூர்த்தி செய்யச் சொல்ல வேண்டும். அதில் ஒருவராவது ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவராக இருக்கட்டும். அவர் எங்கே பேனாவை நிறுத்துகிறாரோ, அங்கே ஃபாரத்தைத் திருத்த வேண்டும். கம்ப்யூட்டரில் வரும் ஃபாரத்துக்கும் இதுவே. சேற்றைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தால் அது சந்தனம் ஆகிவிடாது.

ஐந்து: "மனுதாரர் வரவில்லை" என்று கோப்பை முடிக்கும் முன் ஒரு தொலைபேசி. ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி. என் காலத்தில் கிராமத்தில் தொலைபேசி கிடையாது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் ஒரு போஸ்ட் கார்டின் விலை பதினைந்து பைசாதான்.

வரி நோட்டீஸை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பின்பக்கத்தில் இருந்த தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். முன்பக்கத்தில் அந்தத் தேதி எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டு, தமிழில் மூன்று வரி எழுதினேன். ஒரு நகல் எடுத்துக்கொண்டு நாளைக் காலை அந்த அலுவலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சண்டை போட இல்லை. கட்டிய அபராதத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம், "தம்பி, அடுத்த வருஷம் அச்சடிக்கும்போது இதைப் பாருங்க" என்று சொல்லப் போகிறேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தால், ஓரமாக உட்கார்ந்து காத்திருப்பேன்.